ஐஸ் கம்பெனிக் கணக்குப்பிள்ளையும் செவ்வாய் கிரகமும்: அறிவியல் கதை எழுதுகிறவர்கள் ஒரு நாளை எப்படி ஓட்டுகிறீர்கள்?

ஐஸ்கட்டி (மண்டபம்), காலை 5.10

போன வாரம் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். பேனரில் என் பெயருக்குக் கீழே "அறிவியல் புனைகதை எழுத்தாளர்" என்று போட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் ஒரு பையன் எழுந்து, "சார், உங்களுக்கு ஒரு நாள் எப்படிப் போகும்?" என்று கேட்டான். அரிச்சல்முனையில் போய் உட்கார்ந்துகொண்டு வானத்தைப் பார்ப்பேன் என்று எதிர்பார்த்திருப்பான் போல. ஏதோ மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். இங்கே உண்மையைச் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். விசைப்படகு வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும். போகிற நாளிலும் அதற்கு முந்தின ராத்திரியிலும் எழுத்தே கிடையாது. லோடு, சிட்டை, பழைய பாக்கி, பாக்கிக்காகச் சண்டை, இதிலேயே போய்விடும். மற்ற நாட்களில் அதிகாலை நாலரை முதல் ஆறரை வரை எழுதுவேன். நல்ல நாளில் 300 வார்த்தை வரும். கெட்ட நாளில் நேற்று எழுதிய 300-ஐ அடிப்பேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் கம்பெனியில் ஈ ஓட்டுவோம், சம்பளமும் பாதிதான். ஆனால் என் கதைகளில் முக்கால்வாசி அப்போது எழுதியவை. இதை மளிகைக் கடைக்காரரிடம் சொன்னால் அடிக்க வருவார்.

அந்த இரண்டு மணி நேரத்தில் பாதி நேரம் நான் எழுதுவதே இல்லை. கணக்குப் போடுகிறேன். இப்போது கையில் இருக்கிற கதையில் மகன் செவ்வாயில் இருக்கிறான், அம்மா உச்சிப்புளியில் இருக்கிறார். இரண்டு பேரும் பேசுகிறார்கள். ஆறு பக்கம் எழுதிய பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு இரண்டு கிரகத்துக்கும் நடுவே 18 கோடி கிலோமீட்டர் என்று நானே முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஒளி வேகத்தில் போனாலும் ஒரு வார்த்தை போய்ச் சேர 10 நிமிடம், பதில் வர இன்னொரு 10. என் அம்மாவோ "சாப்டியாடா?" என்று கேட்டு முடிப்பதற்குள் மகன் "சாப்டேம்மா" என்கிறான். ஆறு பக்கமும் குப்பைக்குப் போனது.

கேட்க நினைப்பது இவ்வளவுதான். கணக்கை முதலில் போடுவீர்களா, எழுதிவிட்டா? அப்புறம், விண்கலத்தில் வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே இருக்கிற "ஏர்லாக்" அறைக்குத் தமிழில் என்ன எழுதுகிறீர்கள்? இரண்டு வாரமாக அந்த ஒரு வார்த்தையில் கதை நிற்கிறது.

வெட்டிப்பேச்சு (பரமக்குடி), காலை 7.32

கற்பனைக் கதைக்கு எதற்கு அண்ணே இவ்வளவு கணக்கு? வாசகன் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டா படிக்கிறான்? "வருங்காலத்தில் ஏதோ ஒரு கருவி கண்டுபிடித்துவிட்டார்கள், உடனே பேசலாம்" என்று ஒரு வரி போட்டுவிட்டு மேலே போங்கள். 300 வார்த்தைக்கு இரண்டு மணி நேரம் என்றால் நாவல் எப்போது முடியும்? பேரன் வந்துதான் வெளியிடணும்.

பௌதிக டீச்சர் (ராமநாதபுரம்), காலை 8.05

வெட்டிப்பேச்சுத் தம்பி, வாசகர் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு படிப்பதில்லை. என் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் கால்குலேட்டர் வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். பழியில் எனக்கும் பங்கு உண்டு.

ஐஸ்கட்டியின் பழைய கதை ஒன்றில் சுழலும் விண்வெளி நிலையம் வரும். அதன் ஆரம் 20 மீட்டர், அது சுழல்வதால் உள்ளே பூமியைப் போலவே எடை இருக்கும் என்று எழுதியிருந்தார். வட்ட இயக்கம் நடத்தும்போது அதையே கணக்காகக் கொடுத்தேன். நிமிடத்துக்கு ஏறக்குறைய 6.7 சுற்று வேண்டும் என்று வந்தது. ராட்டினத்தில் குடியிருப்பது மாதிரி. அதோடு, நிற்கிற ஆளின் தலையும் காலும் மையத்திலிருந்து வேறு வேறு தூரத்தில் இருப்பதால் தலைக்கும் காலுக்கும் எட்டு சதவீதத்துக்கு மேல் எடை வித்தியாசம் வரும். "டீச்சர், இந்தக் கதையில எல்லாரும் வாந்தி எடுத்துக்கிட்டே இருக்கணுமே, ஒருத்தரும் எடுக்கலையே" என்றாள் ஒருத்தி. 224 மீட்டர் ஆரம் வைத்தால் நிமிடத்துக்கு 2 சுற்று போதும்.

பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பையன் இன்னும் மேலே போனான். 2025-இல் திறந்த புதுப் பாம்பன் பாலத்தின் நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதை அப்படியே வளைத்து வட்டமாக்கினால் ஆரம் 330 மீட்டர் வரும், நிமிடத்துக்கு 1.65 சுற்றில் பூமியின் எடை கிடைக்கும் என்று போர்டில் எழுதிவிட்டான். அந்த வருஷம் முழுக்க அவனிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே சரியான விடை அதுதான்.

ஐஸ்கட்டி (மண்டபம்), மதியம் 1.20

டீச்சர், அந்த 20 மீட்டருக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். பாலத்தை வளைக்கிற யோசனையைத் திருடிக்கொள்ளலாமா? பையனிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

வெட்டிப்பேச்சு தம்பி, கணக்கு வாசகனுக்காக இல்லை. கணக்கு தப்பாகிற இடத்தில்தான் எனக்குக் கதையே கிடைக்கிறது. ஒன்று சொல்கிறேன். ஆரம்ப காலத்தில், விண்கப்பலில் மின்சாரம் போனதும் ஆட்கள் ஐந்தே நிமிடத்தில் குளிரில் விறைத்துச் சாவதாக எழுதினேன். எங்கள் கம்பெனி மெக்கானிக் மாமா எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவர். டீ குடிக்கிற நேரத்தில் கதையைச் சொன்னேன். "அங்கன காத்து இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப சூடு எது வழியாப் போகும்? ப்ளாஸ்க்குல டீ ஏன் ஆறாம இருக்கு?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வெற்றிடத்தில் சூடு கதிர்வீச்சாக மட்டும்தான் வெளியேற முடியும், அது மெதுவாகத்தான் நடக்கும். உண்மையில் விண்கலத்தில் பெரிய தொல்லை சூட்டை வெளியே தள்ளுவதுதான்.

அன்று இரவு தேடிப் படித்தேன். சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்பக்கக் குழாய்களில் ஓடுவது அம்மோனியா! எங்கள் கம்பெனியில் ஓடுகிற அதே அம்மோனியா. உள்ளே ஆட்கள் இருக்கிற பகுதியில் மட்டும் தண்ணீர் ஓடுகிறது, அம்மோனியா கசிந்தால் ஆபத்து என்பதற்காக. அந்த ஆபத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வால்வு கசிந்த ஒரு மத்தியானம் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருக்கிறேன். குளிரில் சாகிற கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு, புழுக்கத்தில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அம்மோனியாக் கசிவைத் தேடுகிற இரண்டு மெக்கானிக்குகளின் கதையாக எழுதினேன். நான் எழுதியதில் அச்சில் வந்து உருப்படியாக நிற்பது அது ஒன்றுதான்.

இன்னொன்று. எங்கள் தொட்டியில் இருக்கிறது உப்புத் தண்ணீர், பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் உறையாது. அதற்குள் கேனை இறக்கித்தான் கேனில் உள்ள நல்ல தண்ணீரைக் கட்டியாக்குகிறோம். உறையும்போது தண்ணீர் தன்னிடம் உள்ள அழுக்கையும் காற்றையும் நடுவே தள்ளிக்கொண்டே போகும். அதனால்தான் 50 கிலோ கட்டியில் ஓரம் கண்ணாடி மாதிரியும் நடு வெள்ளையாகவும் இருக்கிறது. வியாழனின் நிலா யூரோப்பாவில் பனி ஓட்டுக்கு அடியில் உப்புக்கடல் இருக்கிறது என்கிறார்கள் இல்லையா? அந்தக் கதை எழுதின மாதம் முழுக்க நான் ஆராய்ச்சிக்கு எங்கேயும் போகவில்லை. தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி நான் ஐஸ் திருடுகிறேன் என்று நினைத்தார்.

கீழக்கரைக் காக்கா (ஷார்ஜா), இரவு 9.48

நான் கம்பெனி பஸ்ஸில் போகவர ஒன்றரை மணி நேரம் போனிலேயே எழுதுகிறேன். மேசை, நாற்காலி, ஜன்னல் ஓரம் என்று யாராவது எழுதினால் பொறாமையாக இருக்கும். மாதத்துக்கு ஒரு கதை, அதுவும் பாதியில் நிற்கும்.

அந்த 20 நிமிட இடைவெளிக்கு வருகிறேன். அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். எங்கள் வாப்பா வளைகுடாவுக்கு வந்த காலத்தில் வீட்டுக்குப் போன் கிடையாது. கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்குப் போகிற யார் கையிலாவது கொடுத்து விடுவார். உம்மா அதைக் கேட்டுவிட்டு அதே கேசட்டில் பதில் பதிந்து அனுப்புவார். அதில் பேசுகிற விதமே தனி. "நல்லா இருக்கியா" என்று கேட்டுவிட்டு வாப்பா கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். உம்மா பதில் சொல்வதற்கு இடம் விடுகிறாராம்! பிறகு "சரி, நல்லாத்தான் இருப்பே" என்று அவரே தொடர்வார். உம்மா அந்த இடத்தில் டேப்பை நிறுத்திவிட்டு உண்மையிலேயே பதில் சொல்லும். கேட்க யாரும் இல்லாவிட்டாலும் சொல்லும்.

உங்கள் உச்சிப்புளி அம்மா அப்படிப் பேசட்டும் காக்கா. "சாப்டியா"வுக்குப் பதில் வருவதற்குள் அவர் அடுப்பை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் இருப்பான் என்று தானே முடிவு செய்து திட்டவும் தொடங்கியிருக்க வேண்டும்.

ஐஸ்கட்டி (மண்டபம்), இரவு 10.02

காக்கா, குப்பைக்குப் போன ஆறு பக்கத்துக்கும் சேர்த்து இது போதும். நாளைக்குக் காலை நாலரைக்கு இதுதான் வேலை.

சின்னப்பாலத்துப் பொண்ணு (பாம்பன்), இரவு 10.40

ஐஸ்கட்டி அண்ணே, உங்க கதை எல்லாம் படிப்பேன். ரெண்டு குறை ரொம்ப நாளா சொல்லணும்னு இருக்கு.

முதல் குறை. "பச்சைக்கடல்" தொடர்ல, மார்கழி மாசம் பாம்பன்ல கச்சான் காற்று அடிக்குதுன்னு எழுதியிருந்தீங்க. மார்கழியில ஏது கச்சான்? அது தென்மேற்குக் காற்று. அப்போ வடக்க இருந்து வாடைதான் அடிக்கும். அப்போ வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். ஆனி, ஆடியில கச்சான் வந்தா அப்படியே தலைகீழ். வேற கிரகத்துல என்ன காற்று வேணும்னாலும் அடிக்கட்டும், யார் கேக்கப் போறா? பாம்பன்ல தப்பா அடிச்சா நாங்க கேப்போம். செவ்வாய்க்கு அவ்வளவு கணக்குப் போடுற நீங்க, பக்கத்துத் தெருவுல ஒரு ஆள்கிட்ட காற்றைக் கேக்கக் கூடாதா?

ரெண்டாவது. விண்வெளியில கலத்துக்கு வெளிய மிதக்கிற பொம்பளை பக்கம் பக்கமா தத்துவம் யோசிக்கிறா. எங்க அம்மா முப்பது வருஷமா பாசி எடுக்கிறாங்க. கண்ணாடி மாட்டி, விரல்ல துணி சுத்தி, மூச்சைப் பிடிச்சு முங்கி, பாறையில இருந்து மரிக்கொழுந்துப் பாசியப் பிடுங்கணும். கீழ இருக்கும்போது என்னம்மா நினைப்பேன்னு ஒரு தடவை கேட்டேன். "அடுத்த கை எங்க வைக்கிறதுன்னு நினைப்பேன்"னாங்க. அவ்வளவுதான். தத்துவம் எல்லாம் கரையில, பாசியக் காயப் போடும்போதுதான் வரும். அதையும் எடைக்காரரைத் திட்டிக்கிட்டேதான் சொல்வாங்க.

அந்தப் பாசியில இருந்துதான் அகர் எடுக்கிறாங்க. லேப்ல கிருமி வளர்க்கிற தட்டுல ஊத்துறது அகர்தான். உங்க கதையில செவ்வாய் லேப்ல ஒரு தட்டு வருதே, அதுக்குள்ள எங்க அம்மா கை இருக்குன்னு நான் நினைச்சுக்கிட்டுப் படிச்சேன். நீங்க நினைச்சு எழுதினீங்களான்னு தெரியாது.

ஐஸ்கட்டி (மண்டபம்), காலை 5.25

நினைத்து எழுதவில்லை தங்கச்சி. மண்டபத்தில் பிறந்து வளர்ந்தவன் மார்கழியில் கச்சானை விட்டிருக்கிறேன். சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. காரணம் சொல்லட்டுமா? அந்த அத்தியாயத்தை ஆனி மாதத்தில் எழுதினேன், ஜன்னலில் அடித்த காற்று அப்படியே கதைக்குள் வந்துவிட்டது. இனிமேல் பாம்பன் வருகிற பக்கங்களை அச்சுக்கு முன் உங்களிடம் காட்டுகிறேன், சம்மதமா?

"பச்சைக்கடல்" என்றதும் ஒரு பழைய எரிச்சல் ஞாபகம் வருகிறது. ராத்திரியோடு ராத்திரியாகக் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்குவதாக எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். "நம்பும்படி இல்லை" என்று திரும்பி வந்தது. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா என்கிற நுண்ணுயிர் பெருகி, கடல் பச்சையாகி, மீன்கள் செத்துக் கரைக்கு வந்தன. இங்கே பூங்கோரை என்பார்கள். அந்த உதவி ஆசிரியருக்கு ஒரு போட்டோ அனுப்பலாமா என்று நினைத்தேன். அனுப்பவில்லை. அதே ஆள்தான் இன்னொரு கதையில் நான் கலத்துக்கு எழுதிய அணியம், அமரம், சுக்கான் எல்லாவற்றையும் "முன்பகுதி", "பின்பகுதி", "திசைமாற்றி" என்று திருத்தி அச்சிட்டவர். சன்மானம் 400 ரூபாய்.

வெட்டிப்பேச்சு (பரமக்குடி), காலை 9.15

அவர் செய்ததில் என்ன தப்பு? அணியம், அமரம் என்றால் பரமக்குடியில் எனக்கே தெரியாது. கோயம்புத்தூர்க்காரன் என்ன செய்வான்? உங்களுக்குக் கணக்கும் வேணும், வட்டார வார்த்தையும் வேணும், வாசகனும் வேணுமா?

அப்புறம், தென்கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் ஆர்தர் கிளார்க் 1956-இலிருந்து சாகும்வரை இருந்தாரே. கடலில் முங்குவார், எழுதுவார். அவரைப் போல வாழ்ந்தால்தானே அறிவியல் எழுத்தாளர்? ஐஸ் சிட்டை எழுதிக்கொண்டு என்ன அண்ணே!

கேங்மேன் (தங்கச்சிமடம்), காலை 11.30

தம்பிகளே, நான் கதை எழுதுகிறவன் இல்லை. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். பேத்தி இதைக் காட்டினாள்.

எனக்கு அணியம் தெரியும், பரமக்குடித் தம்பிக்குத் தெரியாது. தம்பிக்கு ஏர்லாக் தெரியும், எனக்குப் பேத்தி சொல்லித்தான் தெரியும். இரண்டையும் ஒரே கதையில் படித்தால் ஆளுக்கு ஒன்று கற்றுக்கொள்கிறோம், அதில் என்ன நஷ்டம்?

பழைய பாம்பன் பாலத்தின் நடுவில் கப்பலுக்காகத் திறக்கிற இரும்புக் கைகளை ஆட்கள் சுற்றிச் சுற்றித்தான் தூக்கினார்கள். 1914-இல் கட்டியது. புதுப் பாலத்தில் மோட்டார் போட்டால் தண்டவாளம் அப்படியே மேலே எழும்புகிறது. இதைச் சின்ன வயதில் யாராவது எனக்குக் கதையாகச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஊரும் போச்சு, பயணிகளோடு ரயிலும் போச்சு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு தண்ணீருக்குள் போய்விட்டன. பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் ஒரு காரணம் என்கிறார்கள். "கடல் மட்டம் உயர்ந்து ஊர் மூழ்கிய எதிர்காலம்" என்று நீங்கள் எழுதுவதைப் பேத்தி படித்துக் காட்டும்போது எனக்கு அது எதிர்காலமாகத் தெரிவதில்லை. மூழ்கின பிறகு ரேஷன் கார்டு எந்த ஊர் விலாசத்தில் இருந்தது, யார் எங்கே போய்க் குடிசை போட்டார்கள், அதை எழுதுங்கள்.

ஐஸ்கட்டி (மண்டபம்), மதியம் 2.10

ஐயா, அந்த ரேஷன் கார்டு விஷயமாக ஒரு நாள் வந்து உங்களைப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரலாமா?

வெட்டிப்பேச்சுத் தம்பி, கிளார்க் எழுத்திலேயே சம்பாதித்தவர், ஆங்கிலத்தில் எழுதியவர், உலகம் முழுக்க வாசகர். நமக்குப் பக்கத்தில் சுஜாதாவைப் பாருங்கள், பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். எனக்கு இதுவரை ஒரு கதைக்குக் கிடைத்த அதிகபட்சம் 1500 ரூபாய். அந்த மாதம் உப்புக்காற்றில் லேப்டாப் கீபோர்டில் "ப" விழாமல் போனது, மாற்ற 1800. "ப" இல்லாமல் தமிழில் என்ன எழுத முடியும் என்று இரண்டு நாள் முயற்சி செய்தேன். இப்போது முதல் பிரதி லாங் சைஸ் நோட்டில்தான்.

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். அணியம் என்று சும்மா போட்டுவிட்டுப் போவது திமிர்தான். முதல் தடவை வரும்போது யாராவது ஒரு ஆள் அங்கே போய் நிற்க வேண்டும், முன்னால் எதையாவது பார்க்க வேண்டும். வாசகனுக்கு அர்த்தம் அதுவாகப் பிடிபடும். அந்த வேலையை நான் செய்யவில்லை.

குளிர்க்கிடங்கு (தொண்டி), மாலை 6.45

ஏர்லாக் கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லாமல் கடலைச் சுற்றி வந்துவிட்டீர்களே! நான் இறால் கம்பெனியில் வேலை பார்த்தவன். கோல்டு ஸ்டோரேஜுக்குள் நேராகப் போக முடியாது. முதல் கதவைத் திறந்து சின்ன அறைக்குள் நுழைந்து, அதைச் சாத்திவிட்டுத்தான் உள்கதவைத் திறக்க வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் திறந்திருந்தால் சூப்பர்வைசர் கத்துவார். ஆன்டி ரூம் என்று பெயர், லோடுமேன்கள் வாயில் "ஆண்டி ரூம்" ஆகி, உள்ளே மாட்டிக்கொள்பவன் ஆண்டியாகிவிடுவான் என்று ஜோக் வேறு. ஐஸ் கம்பெனிக்காரருக்கு இது தெரியாதா?

பௌதிக டீச்சர் (ராமநாதபுரம்), மாலை 7.10

"இடையறை" என்று வைக்கலாமே. இல்லாவிட்டால், பழைய வீடுகளில் வாசலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவே இருக்குமே, அந்த "ரேழி".

கீழக்கரைக் காக்கா (ஷார்ஜா), மாலை 7.14

ரேழி எங்கள் பக்கம் யார் வீட்டிலும் கிடையாது டீச்சர். ஆண்டி ரூமுக்கு என் ஓட்டு.

வெட்டிப்பேச்சு (பரமக்குடி), மாலை 7.20

எனக்கும் ஆண்டி ரூம். இது எனக்கே புரிந்துவிட்டது.

ஐஸ்கட்டி (மண்டபம்), காலை 6.35

எங்கள் கம்பெனியில் கட்டியை அப்படியே லாரியில் ஏற்றிவிடுவார்கள், அறை கிடையாது. அதனால் தெரியாமல் போனது. காலையில் எழுதிப் பார்த்தேன். விதிமுறைப் புத்தகத்தில் "இடையறை" என்று போட்டிருக்கும், வேலை பார்க்கிற ஆட்கள் எல்லோரும் ஆண்டி ரூம் என்பார்கள். உச்சிப்புளி அம்மா கேட்கிறார்: "அது என்னடா ஆண்டி ரூமு, அங்கன போயி ஏன் நிக்கிற?" பதில் வர 20 நிமிடம் ஆகும். அதுவரை அவர் அரிசி களைந்து, உலை வைத்து, பக்கத்து வீட்டு ஆட்டை விரட்டிவிட்டு வந்து உட்கார்கிறார். 340 வார்த்தை ஆகியிருக்கிறது, மகன் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

நாளைக்குப் படகு போகிறது, லோடுக்கு ஆள் வந்துவிட்டது. மீதி வெள்ளிக்கிழமை.